இறந்தோர் பட்டியலில் ஒரு பெயர்

உ
மயிலம் முருகன் துணை

திண்டிவனம்,
22.9.2024

மதிப்பிற்குரிய அமல்ராணி அக்காவுக்கு,

கிருஷ்ணவேணி எழுதுவது. நலமா என்று கேட்க எனக்கு வாய் இல்லை. உங்கள் ஆஸ்வினை வெட்டிய ஆனந்தராஜைப் பெற்றவள் நான்.

ஆஸ்பத்திரி ஆயா ஜெயம்தான் எழுதச் சொன்னார். யாருக்கு வெட்டு விழுந்தாலும் அந்த வீட்டில் நாலு பெண்களோடு போய் உட்கார்ந்து, அடுத்த வெட்டு விழாமல் பார்த்துக்கொள்கிறாரே, அவர்தான். வெட்டியவன் வீடு என்று ஒதுக்காமல் எங்கள் வீட்டுக்கும் வந்தார்.

என் மகன் ஜாமீனில் வந்திருக்கிறான். தினமும் காலை பத்து மணிக்கு ஸ்டேஷனில் கையெழுத்து. எந்த நேரத்தில் எந்தத் தெருவில் நடப்பான் என்று ஊருக்கே தெரியும். ஆஸ்வின் போய் முதல் வருஷம் வருகிறது. உங்கள் பெரிய பையன் பிரபு நாள் குறித்துவிட்டதாகப் பேசிக்கொள்கிறார்கள். என் மகனைக் காப்பாற்றுங்கள் என்று கேட்க எனக்குத் தகுதியில்லை. பிரபுவும் இவனைப்போல் ஆகிவிட வேண்டாம், அக்கா.

எங்கள் நிலத்து மல்லாட்டை கொஞ்சம் கொடுத்தனுப்பியிருக்கிறேன்.

இப்படிக்கு,
கிருஷ்ணவேணி

*

மரியே வாழ்க

விழுப்புரம்,
29.9.2024

கிருஷ்ணவேணி அவர்களுக்கு,

மல்லாட்டையைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன், ஒரு கடலைகூட உரிக்கவில்லை. கடிதத்தையும் அப்படியே அனுப்பத்தான் நினைத்தேன். ஜெயம் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள். நான் படித்து முடித்த பிறகுதான் எழுந்தாள்.

எனக்கு உங்கள்மேல் இரக்கம் இல்லை. அதைச் சொல்லிவிடுகிறேன். ஆஸ்வின் கையிலும் அன்று கத்தி இருந்தது, அதையும் மறைக்கவில்லை.

பிரபு இப்போது தம்பியின் சட்டைகளைத்தான் போடுகிறான், தம்பியின் பைக்கைத்தான் ஓட்டுகிறான். சாயங்காலம் அந்தச் சத்தம் கேட்டதும் ஆஸ்வின் வந்துவிட்டான் என்று கதவைத் திறக்கிறேன். வருஷம் ஆகப்போகிறது, இன்னும் என் காலுக்குப் புரியவில்லை.

நீங்கள் கேள்விப்பட்டது உண்மை. கல்லறைத் திருநாளன்று, பூசை முடிந்ததும், தம்பி கல்லறையைத் தொட்டுவிட்டு அங்கிருந்தே ஆறு பேர் கிளம்புவதாகத் திட்டம். போலீசிடம் சொல்லலாம் என்று ஒரு நாள் ஸ்டேஷன் வாசல் வரை போனேன். பிடித்து உள்ளே வைப்பார்கள், ரவுடிப் பட்டியலில் பெயர் ஏறும். போன தடவை உள்ளே போய்வந்துதான் இவனுக்குக் கத்தி பிடிக்கிற சிநேகிதமே வந்தது. திரும்பி வந்துவிட்டேன்.

ஜெயம் மற்ற ஐந்து பையன்களின் அம்மாக்களையும் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அன்றைக்கு ஒவ்வொருத்தியும் தன் பிள்ளையின் பக்கத்தில் நிற்க வேண்டும், அவ்வளவுதான். ஃப்ளெக்ஸ் கடை மாரியப்பனும் ஆஸ்வின் படத்தின் கீழே பழி, ரத்தம் என்று எதுவும் அடிக்க மாட்டேன் என்றுவிட்டார்.

போன் செய்யாதீர்கள். என் போனைப் பிரபு பார்ப்பான். கடிதம் வந்துபோக ஜெயத்தின் சாப்பாட்டுக் கூடை போதும்.

அமல்ராணி

*

உ
மயிலம் முருகன் துணை

திண்டிவனம்,
20.10.2024

அன்புள்ள அக்காவுக்கு,

நீங்கள் பதில் போட்டதே பெரிது. ஆனந்தராஜ் விளக்கை அணைக்க விடுவதில்லை. சாப்பிட உட்கார்ந்தால் கையை மூன்று தடவை கழுவுகிறான். தூக்கத்தில் ஆஸ்வின் பெயரைச் சொல்கிறான். இதை உங்களுக்கு எழுதலாமா என்று நாலு நாள் யோசித்தேன்.

போன வாரம் விழுப்புரம் கோர்ட்டுக்கு வந்தபோது உங்கள் கோயிலுக்குள் போனேன். மதியம், யாருமில்லை. பிள்ளைகளுக்காக என்னால் ஆனதைச் செய்துவிட்டு வந்தேன். தப்பாக எண்ண வேண்டாம்.

கிருஷ்ணவேணி

*

மரியே வாழ்க

விழுப்புரம்,
3.11.2024

கிருஷ்ணவேணிக்கு,

உன் பிள்ளை உயிரோடு இருக்கிறான். என் பிள்ளை வீட்டில் தூங்குகிறான். முதலில் அதைத் தெரிந்துகொள்.

நேற்று கல்லறைப் பூசைக்கு நாலு அம்மாக்கள் வந்தார்கள். ஐந்தாவது ஆள் எலிசா வரவில்லை, பயம். அவள் மகனும் பிரபுவும் பின்னால் தனியாக நின்றார்கள். பிரபு இடுப்பில் சட்டை தூக்கிக்கொண்டிருந்தது. ஆஸ்வினின் நீலச் சட்டை. என் பிள்ளைகள் இருவரும் அதற்குள் நிற்பதுபோல் இருந்தது எனக்கு.

உபதேசியார் மரியஅந்தோணி இறந்தோர் பெயர்களை வாசித்தார். ஆஸ்வின் என்றார். அடுத்து ஆனந்தராஜ் என்றார்.

நீ கோயிலில் செய்தது இதுதானா? பிறகு உபதேசியாரிடம் சீட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். ஆஸ்வின் பெயருக்குக் கீழே, ஆனந்தராஜ், உத்திரம் நட்சத்திரம். எங்கள் கோயிலில் யாரடி நட்சத்திரம் எழுதுவார்கள்? உயிரோடிருப்பவன் பெயரை எழுதி அர்ச்சனைக்குக் கொடுப்பதுபோல், இறந்தவர்கள் பெட்டியில் போட்டுவிட்டுப் போயிருக்கிறாய்.

பிரபு என்னிடம் வந்தான். முகத்தில் ரத்தமில்லை.

“ஏம்மா, அவன் பேர நீயா குடுத்த?”

“நான்தான்டா. ரெண்டு பேரையும் ஒண்ணா பொதைச்சிட்டேன். போதும்.”

தேவமாதா மன்னிக்கட்டும், பொய் தானாக வந்தது. எலிசாவின் மகன் அவன் கையைப் பிடித்து இழுத்தான். பிரபு உதறினான்.

“செத்தவன எப்டிடா போயி வெட்டிக்கினு வர்றது? நீ போ.”

கல்லறைமேல் குப்புற விழுந்து அழுதான். வருஷம் முழுக்க அழாதவன். மற்ற நாலு அம்மாக்களும் வந்து சுற்றி உட்கார்ந்துகொண்டார்கள். எலிசாவின் மகனும் கடைசியில் உட்கார்ந்துவிட்டான். கத்தி இப்போது ஜெயத்திடம் இருக்கிறது.

அமல்ராணி

*

உ

திண்டிவனம்,
9.11.2024

அக்கா,

காலில் விழுகிறேன். பெட்டியில் இறந்தவர்கள் என்று எழுதியிருந்ததை நான் பார்க்கவில்லை. ஆஸ்வின் பெயருக்குக் கீழே இவன் பெயர் இருந்தால் ஆஸ்வின் இவனை மன்னிப்பான் என்று நினைத்தேன்.

பிழைத்தான் என்று சந்தோஷப்பட வேண்டியவள் நான். ஆனால் அவன் தட்டின் முன்னால் உட்கார்ந்தால், பெயர் வாசிக்கப்பட்டவன் சாப்பிடுகிறான் என்று தோன்றுகிறது. கூப்பிட்டுத் திரும்பாவிட்டால் உயிர் போய்விடுகிறது. படித்ததைத் திரும்ப எடுக்க உங்கள் கோயிலில் வழி உண்டா? நீங்கள் கேட்டால் செய்வார்கள்.

கிருஷ்ணவேணி

*

மரியே வாழ்க

விழுப்புரம்,
24.11.2024

தங்கச்சி கிருஷ்ணவேணிக்கு,

இந்த ஒரு தடவை அப்படிக் கூப்பிட்டுக்கொள்கிறேன்.

சாமியாரிடம் கேட்டேன். வாசித்ததை எடுக்க முடியாதாம். உயிரோடிருப்பவர்களுக்காக வேண்டிக்கொள்ள வேறு நோட்டு இருக்கிறது, அதில் எழுதம்மா என்றார். பேனாவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என் பின்னால் ஆள் சேர்ந்துவிட்டது. பிறகு எழுதினேன்: ஆனந்தராஜ், திண்டிவனம். உத்திரம் என்றும் எழுதினேன், உனக்காக. இன்று காலைப் பூசையில் சத்தமாக வாசித்தார்கள். பிரபு எப்போதும்போல் வரவில்லை. உன் பிள்ளையைப் பயப்படாமல் சாப்பிடச் சொல்.

அடுத்த வாரம் பிரபு திருப்பூருக்கு வேலைக்குப் போகிறான். ஜெயத்தின் அண்ணன் வீட்டில் தங்குவான். நீலச் சட்டையை எனக்கு வைத்துவிட்டுப் போகச் சொல்லியிருக்கிறேன்.

இனி எழுதாதே. பெயர் கொடுத்தது நான் என்றுதான் பிரபு கத்தியைக் கொடுத்தான். உன் கையெழுத்து அவன் கண்ணில் பட்டால் எல்லாம் போச்சு. அது மட்டும் காரணம் என்று சொன்னால் பொய். உன் கடிதம் வந்தால், அதில் உன் பிள்ளை சாப்பிடுகிறான், தூங்குகிறான். அவன் சாகக் கூடாது என்றுதான் அத்தனையும் செய்தேன். அவன் இருப்பதைப் படிக்க மட்டும் என்னால் முடியவில்லை.

உன் கடிதங்களை அடுப்பில் போட்டுவிட்டேன். இதையும் நீ போட்டுவிடு.

ஒன்று மட்டும் சொல்லி முடிக்கிறேன். உன் மகன் பெயரை எழுதிய கையோடு, அடுத்த வரியில் நான் ஆஸ்வின் என்று எழுதிவிட்டேன். உயிரோடிருப்பவர்கள் நோட்டில். இன்று காலை அதையும் வாசித்தார்கள். யாரும் அதைத் திருத்தவில்லை. நானும் அந்த வரியை அடிக்கவில்லை.

அமல்ராணி