முன்னால் மாட்டிய மொட்டை டயர்

பிளெஸ்ஸியப்பா,

சோறு வடித்துவிட்டேன், சங்கரா மீன் குழம்பு மூடி இருக்கிறது. கடலுக்குப் போய் வந்து அசந்து தூங்கும் ஆளை எழுப்பிச் சண்டை போட எனக்கு நேரமில்லை, மீன் ஏலத்துக்குப் போகணும். அதனால்தான் எழுதி வைக்கிறேன்.

நேற்று பிளெஸ்ஸி மணல் கிடந்த வளைவில் விழுந்து தாடையில் நாலு தையல் வாங்கியது உங்களால்தான். அவள் சைக்கிளில் முன் டயர் வெடித்ததற்கு வாங்கியது ஒரே ஒரு புது டயர். அதைப் பின்னால் போட்டுவிட்டு, பின்னால் ஓடித் தேய்ந்த மொட்டை டயரை முன்னால் மாட்டினீர்கள். "பாரமெல்லாம் பின்னாலதானேடி"ன்னு பேச்சு வேறு. படகுக்கு எஞ்சின் பின்னால் இருந்தால் சைக்கிளுக்கும் அதே கணக்கா? பின் டயர்தான் சீக்கிரம் தேயும், சரி. ஆனால் பின் சக்கரம் வழுக்கினால் காலை ஊன்றிக்கொள்ளலாம். முன் சக்கரம் வழுக்கினால் மூஞ்சிதான் தரையில்.

புதுசை முன்னால் மாற்றுங்கள். பின்னால் போட இன்னொன்று வாங்குங்கள். நூல் தெரியும் அந்த மொட்டையை இனி எங்கேயும் மாட்டக் கூடாது. ஸ்பேனர் அரிசி வாளிக்குப் பக்கத்தில் இருக்கிறது.

இன்னொன்று. எப்படி விழுந்தாய் என்று நர்ஸம்மா கேட்டதற்கு, "நாய் குறுக்க வந்துருச்சு"ன்னு சொன்னாள். நாயே வரவில்லை. அப்பாவைக் காட்டிக்கொடுக்க அவளுக்கு மனசில்லை. சாப்பிடுவதற்கு முன்னால் அவளிடம் போய், தப்பு உங்களுடையது என்று உங்கள் வாயால் சொல்லுங்கள்.