கண்டிக் கோப்பை

14.8.1982, முரசுமோட்டை

பக்கத்து வீட்டு லொறிக்காரன் தன் மனைவிக்குக் கண்டியிலிருந்து சித்திரவேலை செய்த மரக் கோப்பை ஒன்று வாங்கி வந்திருக்கிறான். என்ன மரமென்று தச்சனான என்னிடம் கேட்டுச் சொல்ல, என் மனைவி அதை வீட்டுக்கு எடுத்து வந்தாள். அவள் அதைத் தடவிய விதம் எனக்குப் பிடிக்கவில்லை. கையில் எடுத்ததுமே கருங்காலி என்று பாரம் சொல்லிவிட்டது.

"சாயம் பூசின பலா," என்றேன்.

அவள் வாளித் தண்ணீரில் போட்டுப் பார்த்தாள். சாயம் கரையவில்லை. கோப்பை கல்லுப்போல அடியில் போய் இருந்தது. கருங்காலி தண்ணீரில் தாழும் என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவனே நான்.

எடுத்துத் துடைத்தாள். "நல்ல மரமெண்டு அவாவிட்டைச் சொல்லுறன்," என்றாள்.

இத்தனை வருடத்தில் அவளுக்கென்று நான் ஓர் அகப்பைகூடச் செய்து கொடுத்ததில்லை. அதையும் அவள் சொல்லவில்லை.