நாம் இருவரும் மூட்டிய புகை

இன்று காலை கதவைத் திறந்ததும் வேப்பஞ்சருகு எரியும் வாசனை வந்தது. ஒரு மாதமாக வருகிற வாசனைதான், ஆனாலும் எனக்கு முந்தி நீ எழுந்துவிட்டாய் என்றே இன்றும் ஒரு நொடி நினைத்தேன். நீ போய் ஒரு வருஷம் ஆகப் போகிறது என்பது அதற்கப்புறம்தான் உறைத்தது. எட்டிப் பார்த்தால், தெருமுனைக் காலி மனையில் வழக்கம்போல உன் வீட்டுக்காரர் குந்தியிருக்கிறார், கையில் தீப்பெட்டி. எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. அதற்கு முன்னால் சொல்லவேண்டியது ஒன்று இருக்கிறது.

மூலக்குளத்தில் நாம் குடிவந்தபோது நம் தெருவில் வீடுகளைவிட மனைக்கற்கள்தான் அதிகம். நீ மில்லுக்குப் போய்க்கொண்டிருந்தாய், நான் வீட்டில் ரவிக்கை தைத்துக்கொண்டிருந்தேன். பகலில் உன்னைப் பிடிக்க முடியாது. அதனால் விடியற்காலைதான் நம்முடைய நேரம். வாசலைக் கூட்டி, தண்ணீர் தெளித்து, கோலம் போட்டுவிட்டு, இரண்டு வாசல் சருகையும் அந்த முனையில் சேர்த்துக் கொளுத்துவோம். சருகோடு பால் பாக்கெட்டும் போகும், கிழிந்த கவரும் போகும். மேலே பச்சை வேப்பிலையை ஒரு கை அள்ளிப் போடுவாய். "வேப்பம்புகை மருந்துடி. கொசுவும் ஓடும், சளியும் ஓடும்" என்று முகத்தைப் புகைக்குள்ளேயே நீட்டுவாய். நானும் நீட்டுவேன். மார்கழிக் குளிருக்கு அது இதமாக வேறு இருக்கும். உன் மாமியார் கதை, என் கொழுந்தன் கதை, ஊர்க்கதை எல்லாம் அந்த நெருப்பின் பக்கத்தில்தான் ஓடியது. மில்லை மூடிய அன்று நீ அழுததும் அங்கேதான்.

இருமல் வந்தபோது எல்லாரும் மில்லைத்தான் சொன்னார்கள். அத்தனை வருஷம் பஞ்சுத் தூசியை விழுங்கியவள் இருமாமல் என்ன செய்வாள்? நீயே பெருமை மாதிரி சொல்லிக்கொண்டு திரிந்தாய். மாடிப்படி ஏற முடியாமல் போன பிறகுதான் ஆஸ்பத்திரிக்கு வர ஒப்புக்கொண்டாய், அதுவும் நான் ஆட்டோவை வாசலில் கொண்டுவந்து நிறுத்திய பிறகு.

அந்த டாக்டர் பெண்ணுக்கு நம் பேத்தி வயதுதான் இருக்கும். விறகில் சமைக்கிறீர்களா என்று கேட்டாள். கேஸ்தான் என்று நிமிர்ந்து சொன்னாய். வீட்டுப் பக்கத்தில் யாராவது குப்பை கொளுத்துகிறார்களா என்றாள். நீ சிரித்துவிட்டாய். "நாங்க ரெண்டு பேருந்தாம்மா" என்றாய். அவள் சிரிக்கவில்லை. மில்லை விட்டு எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது, அது செய்தது செய்ததுதான், ஆனால் தினமும் அதன் மேல் இதை ஏற்றிக்கொண்டே இருக்கிறீர்கள் என்றாள். இளவயதில் உடம்பு தூசியை இருமித் தள்ளிவிடும், வயதானால் அந்தத் தெம்பு குறைந்துவிடும், உள்ளே போனது தங்கும், நெஞ்சையும் சேர்த்துக் கெடுக்கும் என்று பொறுமையாகச் சொன்னாள். விடியற்காலையில் காற்று சுத்தம் என்று நாம் நினைத்தது பொய்யாம். குளிரில் புகை மேலே ஏறாமல் நம் மூக்கு உயரத்திலேயே நிற்குமாம். வேப்பிலை போட்டாலும் புகை புகைதானாம்.

திரும்பி வரும்போது வில்லியனூர் ரோட்டில் வண்டிகள் நகரவே இல்லை. முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நீ சொன்னாய்: "சின்னப் பொண்ணு, அவளுக்கு இன்னாடி தெரியும்?"

நான் ஆமாம் என்றேன்.

அந்த ஆமாமை இன்றுவரை என்னால் விழுங்க முடியவில்லை. அவள் சொன்னது சரி என்று எனக்கு அப்போதே தெரியும். ஆனால் நெருப்பை விட்டால் நம் காலை நேரம் போய்விடுமே என்று பயந்தேன். உன் மூச்சைவிட உன் பேச்சு எனக்குப் பெரிதாகப் போயிற்று. அதற்குப் பிறகும் ஒரு வருஷத்துக்கு மேல் கொளுத்தினோம். நீ எழுந்து வர முடியாமல் நாற்காலியில் உட்கார்ந்துவிட்ட பிறகுகூட, உனக்காக என்று சொல்லிக்கொண்டு நான் தனியாகக் கொளுத்தினேன். ஒரு நாள் நீதான் கூப்பிட்டாய். ஒரு சொல்லுக்கும் மறு சொல்லுக்கும் நடுவில் மூச்சு வாங்கியது.

"நாளைலேர்ந்து அத கொளுத்தாத. எனக்கு மட்டுமில்ல, உனக்குந்தான் வயசாவுது."

அன்றோடு நிறுத்தினேன். அந்த மார்கழி முடிவதற்குள் நீ போய்விட்டாய். புகைதான் காரணம் என்று எந்த டாக்டரும் சொல்லவில்லை. வயது, நெஞ்சு, பழைய மில் எல்லாம் சேர்ந்தது என்றார்கள். அந்த எல்லாவற்றில் நான் கிழித்த தீக்குச்சியும் உண்டு. இதை யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தேன்.

அழுதுகொண்டு உட்கார எனக்குத் தெரியாது, உனக்கே தெரியும். காரியம் முடிந்த கையோடு வீடு வீடாக ஏறினேன். நம் தெருவில் இப்போது பிள்ளைகளைவிடக் கிழடுகள்தான் அதிகம். பிள்ளைகள் சென்னையிலும் பிரான்ஸிலும் இருக்கிறார்கள், இங்கே மிச்சம் நாமும் நம் மூச்சிரைப்பும். கொளுத்தாதீர்கள் என்றால், நேற்றுவரை கொளுத்தியவள் நீதானே என்று கேட்டார்கள். ஆமாம், அதனால்தான் சொல்கிறேன் என்றேன். கண்கெட்ட பின் சூரிய நமஸ்காரம் என்று ஒருத்தி முகத்துக்கு நேராகவே சொன்னாள். உனக்கு இன்னும் கெடவில்லையே, நீ செய் என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனேன். கடைசி வீட்டுச் சொல்தா ஐயா, பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர், படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று இரண்டு தலையணை வைத்துச் சாய்ந்துதான் தூங்குகிறார். தன் மனையில் ஒரு குழி வெட்டிக்கொள்ளச் சொன்னார். சருகு குழிக்குப் போயிற்று, பிளாஸ்டிக் குப்பை வண்டிக்குப் போயிற்று. ஒவ்வொரு வாசலாக அடங்கியது.

அடங்காதது உன் வாசல் ஒன்றுதான்.

தட்டாஞ்சாவடியில் பார்த்த நைட் வாட்ச்மேன் வேலையை விட்டுவிட்டு, ஒரு மாதமாக உன் வீட்டுக்காரர் வீட்டோடு இருக்கிறார். வந்த மறுநாளே ஆரம்பித்துவிட்டார். மூன்று தரம் போய்க் கேட்டேன். "அவ விடாம செஞ்ச வேல தங்கச்சி" என்பார். அதற்கு மேல் என்ன பேசுவது? பெண்டாட்டி போன மனுஷன் என்று தெருவே வாயை மூடிக்கொண்டது. அவருக்கும் இப்போது அதே இருமல், சட்டைப்பையில் மூச்சு மருந்து. அதை ஒரு இழுப்பு இழுத்துவிட்டு நெருப்பை ஊதுகிறார்.

இன்று நான் பேசப் போகவில்லை. வாசல் தெளிக்க வைத்திருந்த வாளியைத் தூக்கிக்கொண்டு போய் நெருப்பில் கொட்டிவிட்டேன். அவர் எழுந்து நின்றார். அடித்துவிடுவாரோ என்று தோன்றியது, அடித்தால் வாங்கிக்கொள்ளலாம் என்றும் தோன்றியது. அங்கேயே நின்று எல்லாவற்றையும் சொன்னேன். டாக்டர் சொன்னது, ஆட்டோவில் நான் சொன்ன ஆமாம், கொளுத்தாதே என்று நீ கேட்டுக்கொண்டது, எதையும் விடவில்லை. அவர் நைட் டூட்டி முடிந்து வீடு வந்துசேரும்போது நம் நெருப்பும் பேச்சும் ஓய்ந்திருக்கும். உனக்கு முடியாமல் போனதால் நெருப்பு நின்றது என்றே இத்தனை நாளும் நினைத்திருக்கிறார்.

"எங்கிட்ட ஏன் சொல்லல?" என்றார்.

"வெக்கமா இருந்துதுண்ணே."

நனைந்த சாம்பலையே பார்த்துக்கொண்டிருந்தார். இருமினார். பிறகு என்னைப் பார்க்காமல் கேட்டார்: "அப்ப காலைல எழுந்து நான் இன்னா செய்யிறது?"

நான் உடைந்துவிட்டேன். நெருப்பைவிட்டால் என்ன இருக்கிறது என்று அன்றைக்கு நான் பயந்த அதே பயம்தான் அது. ஆனால் இந்த முறை ஆமாம் என்று சொல்லவில்லை. அவர் கொண்டுவந்திருந்த கூடையில் மிச்சச் சருகை வாரிப் போட்டு, ஒரு காதைப் பிடியுங்கள் அண்ணே என்றேன். பிடித்தார். பாதியில் நின்று மூச்சு வாங்கினார், நானும் வாங்கினேன். சொல்தா ஐயா மனைக் குழிவரை போய்க் கொட்டிவிட்டு வந்தோம். வழியில் நீ எவ்வளவு உப்புப் போடுவாய் என்று குறை சொன்னார். நான் உனக்காகச் சண்டை போட்டேன்.

உன்னிடம் மன்னிப்புக் கேட்க இதை எழுதவில்லை. கேட்டாலும் நீ "போடி" என்பாய். உன் மூச்சை நான் காப்பாற்றவில்லை. அவருடையதை விடமாட்டேன். பழக்கம் ஒரே நாளில் போகாது, நாளைக்கும் தீப்பெட்டியோடு வருவார், எனக்குத் தெரியும். அவருக்கு முன்னால் நான் அங்கே நிற்பேன்.