பவித்ராவின் விருப்பப் பட்டியல்

மெயின் பஜார், நெய்வேலி
ஆகஸ்ட் 2

வருங்கால டாக்டர் பவித்ரா அம்மையார் அவர்களுக்கு,

இசைப்பிரியா பணிவோடு எழுதிக்கொள்வது. முதலில், இந்தக் கடிதத்தை உனக்கு முன்னால் பிரித்துப் படிக்கும் வார்டன் அக்காவுக்கு வணக்கம். கூட வைத்திருக்கும் பண்ருட்டி முந்திரியில் ஒரு கை உங்களுக்கு, அக்கா. இரண்டு கை அள்ளினால் எனக்குத் தெரிந்துவிடும்.

அந்த இடத்துக்கு விடுதி என்று பெயர் வைத்தவரைப் பார்க்க வேண்டும். விடவே மாட்டேன் என்கிறார்களாமே. போன் கிடையாது, ஞாயிற்றுக்கிழமை மூன்று நிமிஷம் வீட்டோடு மட்டும் பேசலாம் என்று உன் அம்மா சொன்னார். நீட் பயிற்சி என்று நீ சேலம் போனது மருத்துவத்துக்கு இல்லை, மறுதவத்துக்கு. இரண்டு முறை நீட் எழுதியாயிற்று. மூன்றாவது முறையும் சாமி இறங்கி வராவிட்டால் நானே போய்ச் சட்டையைப் பிடித்து இழுத்து வருகிறேன்.

சேதிக்கு வருகிறேன். தரவரிசைப் பட்டியல் வந்துவிட்டது. கடையில் அதற்குத் தராத வரிசை என்று பெயர் வைத்தேன், கலைச்செல்வன் அண்ணன் தலையில் குட்டினான். போன வருஷம் உன் பிரிவில் கடைசி அரசு எம்.பி.பி.எஸ். இடம் எந்த எண்ணோடு முடிந்ததோ, அதற்கு முப்பத்தெட்டு பேர் தள்ளி நிற்கிறாய். இந்த வருஷம் எப்படி நகரும் என்று யாருக்கும் தெரியாது. அரசுப் பல் மருத்துவம் என்றால் வாசலைத் தாண்டி உள்ளேயே நிற்கிறாய்.

காலையில் கல்லூரிக்குப் போய் பி.காம். படிப்பதாகப் பெயர். மதியத்திலிருந்து அண்ணனின் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து ஊரார் பிள்ளைகளை டாக்டர் ஆக்குகிறேன். ஓ.டி.பி. எல்லாம் அப்பாக்களின் போனுக்குத்தான் வருகிறது. அப்பாக்களோ சுரங்கத்தில், ஷிப்டில் இருக்கும்போது போனைப் பார்க்க முடியாது. அதனால் போகிற வழியில் போனையே என் மேசையில் வைத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். இப்போது ஆறு அப்பாக்கள் என் முன்னால் வரிசையாகப் படுத்திருக்கிறார்கள். நேற்று தங்கராசு அண்ணன் போனில் அவருடைய மேஸ்திரி கூப்பிட்டார். "அவரு மெடிக்கல் காலேஜ்ல இருக்காருங்க" என்றேன். அவர் பெண்ணுக்கு அதைத்தானே நிரப்பிக்கொண்டிருந்தேன். பாவம், மேஸ்திரி பதறிப்போய் எந்த வார்டு என்று கேட்டார்.

உன் அப்பாவும் போனைக் கொடுத்துவிட்டார். "நீ பாத்து போடும்மா. எனக்கு இதெல்லாம் கைவராது" என்றார்.

ஆகவே உன் விருப்பப் பட்டியலை எழுதி அனுப்பு. நாம் போடும் வரிசையில்தான் பார்ப்பார்கள். உன் எண் வரும்போது மேலிருந்து எது முதலில் காலியாக இருக்கிறதோ அது உன்னுடையது. பல்லையும் கடைசியில் சேர்க்கவா, வேண்டாமா என்று தெளிவாக எழுது.

உன்னோடு ஒருநாளும் இசையாத,
இசை


சேலம்
ஆகஸ்ட் 5

அன்புள்ள இசைக்கு,

வார்டன் அக்கா மூன்று கை எடுத்தார். மீதியை அறையில் ஐந்து பேரும் பங்கு போட்டோம். உன் கடிதத்தையும் பங்கு கேட்டார்கள், மேஸ்திரி வந்த இடத்தை மட்டும் வாசித்துக் காட்டினேன். இங்கே வந்து ஒரு மாதத்தில் அன்றைக்குத்தான் இந்த அறையில் சத்தமாகச் சிரித்தோம்.

நாலரை மணிக்கு எழுப்புகிறார்கள். சாம்பார் தண்ணீராக இருக்கிறது. மற்றபடி சௌகரியம்.

பட்டியல் தனித்தாளில் இருக்கிறது. அரசு எம்.பி.பி.எஸ். கல்லூரிகள் எல்லாம். வீட்டுக்குப் பக்கத்தில் இருப்பவை மேலே, ராமநாதபுரமும் நாகர்கோவிலும் அடியில்.

பல் மருத்துவம் வேண்டாம். ஒன்றுகூட வேண்டாம். கேலிக்காகச் சொல்லவில்லை, அந்தப் படிப்பு மட்டம் என்றும் சொல்லவில்லை. எனக்கு நழுவியது ஐந்து கேள்வி, இசை. அதில் இரண்டு எனக்கு நன்றாகத் தெரிந்தவை, வட்டத்தை மாற்றிக் கறுப்பாக்கிவிட்டேன். அதோடு போய் வேறொன்றில் உட்கார்ந்தால் அந்த ஐந்து கேள்வியும் கூடவே வந்து உட்காரும். இன்னும் ஒரு வருஷம் என்னால் தாங்க முடியும்.

நீ எதில் வேண்டுமானாலும் விளையாடு. இதில் மட்டும் வேண்டாம்.

அன்புடன்,
பவி


நெய்வேலி
ஆகஸ்ட் 28

பிரியமுள்ள பவி,

முதல் சுற்று முடிந்தது. உனக்கு எதுவும் வரவில்லை. அப்பா ஞாயிற்றுக்கிழமை சொல்லியிருப்பார். எண் உனக்குப் பதினொரு பேர் முன்னால் வந்து நின்றுவிட்டது. இவ்வளவு பக்கத்தில் வந்து நிற்பதற்கு அது வராமலே இருந்திருக்கலாம், டவுன் பஸ் மாதிரி. இரண்டாவது சுற்றில் சில இடங்கள் திரும்பி வரும். பதினொன்று நகருமா என்று அண்ணனிடம் கேட்டேன். "நான் என்ன ஜோசியக்காரனா?" என்றான்.

இன்னொரு சேதி. எழுதலாமா கூடாதா என்று இரண்டு நாள் யோசித்தேன். எனக்கு யோசிக்கிற பழக்கம் இல்லையா, தலை வலித்துவிட்டது. எழுதிவிடுகிறேன்.

செவ்வாய்க்கிழமை உன் அப்பா முதல் ஷிப்டு முடித்து நேராகக் கடைக்கு வந்தார். சட்டையெல்லாம் கரி. நாற்காலியில் கரி ஒட்டும் என்று நின்றுகொண்டே இருந்தார்.

"இன்னாம்மா, ஒண்ணும் வரலியா?"

"ரெண்டாவது சுத்து இருக்குப்பா."

"அதுலயும் வரலைன்னா?"

"அடுத்த வருசம்ப்பா."

சிரித்தார். "நானும் அப்பிடித்தாம்மா சொல்லிகினு இருந்தேன். இந்த வருசம் காண்ட்ராக்ட்டு, அடுத்த வருசம் பர்மனென்ட்டுன்னு. நடுவுல ரேஷன் கடையில எட போடற வேல ஒண்ணு வந்துச்சி. சின்ன வேல, நமக்கு எதுக்குன்னு வுட்டுட்டேன். பதினெட்டு வருசமா காத்துகினு கெடக்கறேன்."

"இத பவிகிட்ட சொன்னீங்களாப்பா?"

"படிக்கிற புள்ளகிட்ட போயி இத சொல்லுவாங்களா? எதுனா ஒண்ணு வந்தா போதும்மா எனக்கு."

அவ்வளவுதான். டீ வாங்கிக் கொடுத்தேன், பாதி குடித்துவிட்டுப் போய்விட்டார். உன்னிடம் சொல்லச் சொல்லவில்லை. என் வாய் என்றைக்கு நான் சொன்னபடி கேட்டது.

அடுத்த வாரம் பட்டியலை மறுபடி இணையத்தில் பூட்ட வேண்டும், பூட்டிவிட்டால் மாற்ற முடியாது. மறுபடியும் ஒரே ஒரு முறை கேட்கிறேன். பல்?

இசை


(அஞ்சலட்டை)
சேலம்
செப்டம்பர் 1

இசை, பட்டியல் அதேதான். மாற்றம் இல்லை. அப்பாவை முன்னால் நிறுத்திக் கேட்காதே.
பவி


நெய்வேலி
செப்டம்பர் 16

பவி,

இதில் வேடிக்கை இல்லை. வார்டன் அக்கா, தயவுசெய்து இதை உடனே அவளிடம் கொடுத்துவிடுங்கள்.

உனக்கு இடம் வந்திருக்கிறது. பல் மருத்துவம். சிதம்பரத்தில் அரசுக் கல்லூரி. ஒதுக்கீட்டு ஆணையின் நகல் உள்ளே இருக்கிறது. நான் தயாரித்த போலி இல்லை, சந்தேகம் இருந்தால் வார்டன் அக்காவையே இணையத்தில் பார்க்கச் சொல். இருபத்திரண்டாம் தேதிக்குள் சேர வேண்டும். இந்தச் சுற்றில் வந்ததை விட்டால் இந்த வருஷம் அடுத்த சுற்றுக்குக் கூப்பிட மாட்டார்கள். எம்.பி.பி.எஸ். நான்கு பேர் முன்னால் முடிந்துவிட்டது.

பட்டியலின் அடியில் மூன்று அரசுப் பல் மருத்துவக் கல்லூரிகளையும் சேர்த்தது நான். உன் அப்பா சேர்க்கச் சொல்லவில்லை. அவருக்கு நேற்று ஆணையைப் பார்த்துத்தான் தெரியும். நீயே மனம் மாறி எழுதினாய் என்று நினைத்துக்கொண்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். இல்லை என்று அவரிடம் சொன்னேன். கையை எடுத்துக்கொண்டார். ஆணையை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார்.

பூட்டியது ஏழாம் தேதி ஞாயிற்றுக்கிழமை, மாலை ஐந்து மணிக்கு. அன்றைக்கு அவருக்கு இரண்டாவது ஷிப்டு. போன் என்னிடம் இருந்தது. மூன்று மணிக்கு நீ கூப்பிட்டாய். ஸ்பீக்கரில் போட்டு வார்டன் அக்கா பக்கத்தில் நிற்பார் என்று தெரியும், அதனால் சளி பிடித்த அப்பாவாகப் பேசினேன். "இன்னாம்மா, சாப்ட்டியா? சாம்பார்ல பருப்ப பாத்தியா?" என்றேன். நீ கண்டுபிடித்துவிட்டாய். சிரிப்பை அடக்கிக்கொண்டு "பாத்தேம்ப்பா, ஒண்ணே ஒண்ணு இருந்திச்சி" என்றாய். அப்புறம் இரண்டு பேரும் அதையே இழுத்துக்கொண்டு போனோம். நேரம் முடிந்தது.

அந்த நேரமெல்லாம் திரையில் உன் பட்டியல் திறந்தேதான் இருந்தது. பல் கல்லூரி மூன்றையும் அப்போதே சேர்த்திருந்தேன், பூட்டவில்லை. "அம்மாடி, பல்லு வேணுமா?" என்று அப்பா குரலிலேயே கேட்டிருக்கலாம். வார்டன் அக்கா உன் பல்வலி என்று நினைத்திருப்பார். கேட்டால் வேண்டாம் என்பாய் என்று தெரியும். அதனால்தான் கேட்கவில்லை. நீ போனை வைத்த பிறகு பூட்டினேன்.

உன் அப்பா சொன்னது என் மண்டையிலேயே நின்றது. நல்லதுக்குத்தான் செய்தேன் என்று எழுத வருகிறது. எழுதினால் நீ தாளைக் கிழிப்பாய்.

வேண்டாம் என்றால் சேராதே. உன் வீட்டுக்கும் எல்லாருக்கும் நானே சொல்கிறேன்.

இசைப்பிரியா


மாணவியர் விடுதி, சிதம்பரம்
செப்டம்பர் 27

இசைப்பிரியாவுக்கு,

சேர்ந்துவிட்டேன். இங்கே போன் வைத்துக்கொள்ளலாம், கையில்தான் இருக்கிறது. நீ பதினான்கு முறை கூப்பிட்டதும் தெரியும். உன் குரலைக் கேட்டால் சிரித்துவிடுவேன். இப்போது எனக்குச் சிரிக்க விருப்பம் இல்லை. அதனால் தாளில் எழுதுகிறேன்.

உன் கடிதம் வந்த மறுநாள் அப்பா சேலம் வந்தார். இரவு ஷிப்டு முடித்துத் தூங்காமல் பஸ் ஏறியிருக்கிறார். பார்வையாளர் பெஞ்சில் உட்கார்ந்து ஆணையைச் சட்டைப் பையிலிருந்து எடுத்தார், நீட்டவில்லை. "நீ இன்னா சொல்றியோ அதாம்மா. வேணான்னா இப்பிடியே திரும்பி பஸ் ஏறிடறேன்" என்றார். ரேஷன் கடையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. நானும் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

உள்ளே போய் அரை மணி நேரம் கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். உனக்கு எழுதாத ஒன்று உண்டு. ஆகஸ்டிலிருந்து மாதிரித் தேர்வு ஒவ்வொன்றிலும் என் மதிப்பெண் இறங்கிக்கொண்டே வந்தது. நாலரை மணிக்கு எழுந்து ஒரே பக்கத்தையே திரும்பத் திரும்பப் படித்தேன். ஒரு வருஷம் தாங்குவேன் என்று உனக்கு எழுதியபோதே எனக்குச் சந்தேகம்தான். வெளியே வந்து போகலாம் என்று அப்பாவிடம் சொன்னேன். சரி என்றது நான். அதை உன் கணக்கில் எழுதிக்கொள்ளாதே.

ஆனால் மூன்று நிமிஷம் இருந்தது, இசை. அதில் ஒரு வரி. நீ கேட்டிருந்தால் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன். அது தப்பாகக்கூட இருந்திருக்கும். என்னுடைய தப்பாக இருந்திருக்கும். இப்போது இந்த ஊரில் யார் "டென்டல் பிடிச்சு எடுத்தியா?" என்று கேட்டாலும் எனக்குப் பதில் வரவில்லை. பக்கத்துக் கட்டில் ராஜாம்பாள் மேல்பட்டாம்பாக்கத்துப் பெண். அவள் தன் பட்டியலில் இதைத்தான் முதலாவதாகப் போட்டாளாம். அவள் நடக்கிற நடையே வேறு மாதிரி இருக்கிறது.

மன்னிப்பு கேட்டு எழுதாதே. என்னிடம் இப்போது கொடுக்க இல்லை. நன்றியும் இல்லை.

மெழுகில் பல் செதுக்கச் சொல்லிக்கொடுக்கிறார்கள். என்னுடையது ஒன்று நன்றாக வந்தது.

பவித்ரா


நெய்வேலி
அக்டோபர் 11

பவித்ராவுக்கு,

மன்னிப்பு கேட்கவில்லை. நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

மூன்றாவது சுற்று நடக்கிறது. அப்பாக்களின் போனை இப்போது வாங்கி வைப்பதில்லை. ஷிப்டு முடிந்ததும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்கிறேன். பாதிப் பேர் எதிர்க்கடைக்குப் போய்விட்டார்கள். அண்ணன் என்னோடு பேசுவதில்லை, சாப்பாட்டை மட்டும் நகர்த்துகிறான்.

நேற்று குறிஞ்சிப்பாடியிலிருந்து சின்னம்மாள் என்று ஓர் அம்மா, மகள் சண்முகப்பிரியாவோடு வந்தார். கீபோர்டை அந்தப் பெண் பக்கம் திருப்பி வைத்தேன். எழுத்தைத் தேடித் தேடித் தட்டினாள். நாற்பது நிமிஷம். அவள் எண்ணுக்கு எட்டாத நான்கு எம்.பி.பி.எஸ். கல்லூரிகளை மட்டும் போட்டுவிட்டுப் போதும் என்றாள். கீழே எவ்வளவோ இடம் இருக்கிறது. எனக்கு உள்ளங்கை அரித்தது.

"அடியில பல்லும் போட்டு வெக்கலாம். வந்தாலும் வரும்" என்றேன்.

"வேணாம்க்கா."

"ஏன்?"

"அத ஒங்ககிட்ட எதுக்குக்கா சொல்லணும்?"

அவள் அம்மா என்னைப் பார்த்தார், நான் சுவரில் காலண்டரைப் பார்த்தேன். அப்புறம் அவள் போட்டபடியே வாசித்துக் காட்டினேன், அவளே பூட்டினாள். அவளுக்கு எதுவும் வரப்போவதில்லை. அவள் செய்தது தப்பு என்றுதான் எனக்கு இப்போதும் படுகிறது. ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை. உன்னுடையதைப் பூட்டிய அன்றைக்கு நான் நன்றாகச் சாப்பிட்டேன், பவி.

தீபாவளிக்கு நீ சனிக்கிழமை வருகிறாய் என்று உன் அம்மா சொன்னார். பஸ் ஸ்டாண்டுக்கு நான் வரட்டுமா? வேண்டாம் என்றால் வேண்டாம் என்றே எழுது. வரமாட்டேன். எதுவும் எழுதாவிட்டாலும் வரமாட்டேன்.

இசைப்பிரியா