அந்த ஒரு வரியை நீ எழுத வேண்டாம்

ஊரப்பாக்கம்
வெள்ளி, காலை

அன்புள்ள தீனாவுக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று ஆரம்பிப்பதுதான் முறை. நான் நலமாக இல்லை, கொதித்துப்போய் இருக்கிறேன். உன் போன் நேற்று ராத்திரியிலிருந்து அணைந்தே கிடக்கிறது. அதனால்தான் இந்தக் கோழிக் கிறுக்கல். ஸ்டேஷன் வாசலில் மீன் விற்கிற உங்கள் குப்பத்து வேண்டா அக்கா மதியம் ஊர் திரும்பும்போது கொண்டுவந்து தருவார். காகிதத்தில் மீன் வாடை அடித்தால் என்னைத் திட்டாதே.

முதலில் ஹெச்.ஓ.டி. சங்கதி. நீ பையைக்கூட எடுக்காமல் ஹாஸ்டலை விட்டுப் போன அன்று நான் அவர் அறை வாசலில்தான் நின்றிருந்தேன். லக்ஷ்மிநாராயணன் சார் கெட்டவர் இல்லை. தன் டிபன் பாக்ஸிலிருந்து உனக்குத் தயிர்சாதம் எடுத்து வைத்த மனுஷன். அதனால்தான் எனக்கு இன்னும் ஆத்திரம். சாதத்தைக் கையில் கொடுத்துவிட்டு, இறப்புச் சான்றிதழ் இல்லாவிட்டால் போகட்டும், அப்பா காலமாகிவிட்டார் என்று நீயே ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போடு, அட்டெண்டன்ஸ் குறைவை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றாரே! நீ "எங்கப்பா கடல்ல கீறாரு சார்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டாய். ஒரு வரிதானே, அதற்கு ஏன் இவ்வளவு பிடிவாதம் என்று பிறகு என்னைக் கேட்டார். எனக்கும் அப்போது சொல்லத் தெரியவில்லை.

வேண்டா அக்கா சொல்லித்தான் எனக்கு விளங்கியது. படகு கவிழ்ந்து மற்றவர்கள் கரையேறி, உன் அப்பா பூவராகவன் மட்டும் கிடைக்காமல் போனதும் குப்பமே தொழிலுக்குப் போகாமல், வகுப்புக்கு வராத உன்னோடு சேர்ந்து தேடியதைச் சொன்னார். பெரியவர்கள் வந்து உட்கார்ந்து, வைக்கோலில் உருவம் செய்து காரியத்தை முடித்துவிடலாம் என்றதையும், உன் அம்மா அவர்களை எழுப்பி வெளியே அனுப்பியதையும் சொன்னார். "வச்சலா இன்னும் தாலிய கயட்டல. தெனமும் அவருக்கு சோறு போட்டு தட்ட மூடி வச்சினு கீறா. வூட்ல ஒருத்தர் வாயிலயும் அந்தப் பேச்சு வர்ல. புள்ள மட்டும் எப்பிடிப்பா எய்திக் குடுப்பான்?" என்று கேட்டார். இதை நீ ஏனடா என்னிடம் சொல்லவில்லை? ஒரே அறையில்தானே படுத்திருந்தோம்.

இன்னும் கேள். நீ போன மறுவாரம் நம் காலேஜில் மனநல வாரம் கொண்டாடினார்கள். கோலப்போட்டி, பலூன், செல்பி எடுக்க ஒரு அட்டைச் சட்டம். இத்தனை ஆயிரம் பிள்ளைகளுக்கு இருக்கிற ஒரே கவுன்சலர் மேடத்தைக் கோலத்துக்கு மார்க் போட உட்கார வைத்துவிட்டார்கள். அவர் அறை பூட்டிக் கிடந்தது. கேட்டில் பெரிய பேனர், "மனம் விட்டுப் பேசு, மலர்ந்து சிரி" என்று. அதில் யார் முகம் தெரியுமா? உன் முகம். கல்ச்சுரல்ஸில் என் வேட்டி அவிழ்ந்தபோது விழுந்து விழுந்து சிரித்தாயே, அந்தப் படம். உள்ளே நோட்டீஸ் போர்டில், பரீட்சை எழுதத் தகுதி இல்லாதவர்கள் பட்டியலிலும் நீ. வாசலில் சிரிக்க நீ வேண்டும், உள்ளே பரீட்சை எழுத நீ வேண்டாமா? கேன்டீனில் வெங்காயம் நறுக்குகிற கத்தியை வாங்கிப் போய்ப் பேனரை அறுத்துவிட்டேன். செக்யூரிட்டி கையோடு பிடித்துவிட்டார்.

அப்பாவைக் கூட்டிவரச் சொன்னார்கள். பால்காரரிடம்கூடக் குரலை உயர்த்தாத என் அப்பா, ஹெச்.ஓ.டி. முன்னால் நின்று, என் பையன் செய்தது தப்புதான், அபராதம் கட்டிவிடுகிறேன், ஆனால் அப்பாவைத் தேடிக்கொண்டிருக்கிற பிள்ளையை அப்பா செத்துவிட்டார் என்று எழுதச் சொன்னதற்கு யார் அபராதம் கட்டுவது என்று கேட்டார். சார் தலைகுனிந்தார். கடலுக்குப் போனவர் இன்னும் திரும்பவில்லை என்று தானே எழுதி டீனிடம் கொண்டுபோனார். டீன் அதற்கெல்லாம் விதியில் இடமில்லை என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். ஆக, இந்த செமஸ்டர் போய்விட்டது. போகட்டும்டா. அரியர் நமக்கு என்ன புதுசா? அடுத்த முறை சேர்ந்தே எழுதலாம், எனக்கும் இரண்டு பேப்பர் ஊற்றிக்கொள்ளும் போலிருக்கிறது.

இவ்வளவும் எழுதியது முக்கியமானதைத் தள்ளிப்போடத்தான். போனை அணைப்பதற்கு முன்னால் நீ அனுப்பிய மெசேஜ்: "தூங்குனா ஏந்திரிக்கவே கூடாதுன்னு கீதுடா." அதைப் படித்ததிலிருந்து உன் நம்பரையே அழுத்திக்கொண்டிருக்கிறேன். ஏதோ அசதியில் அனுப்பினான் என்று விட்டுவிட எனக்குத் துணிச்சல் இல்லை. நேராகவே கேட்கிறேன். செத்துப்போகலாம் என்று தோன்றுகிறதா? திட்டு, அடி, ஆனால் இதற்கு மட்டும் உண்மையைச் சொல். விடிந்ததும் வேண்டா அக்காவிடம் சொல்லிவிட்டேன். அவர் மீன் கூடையைப் போட்டுவிட்டு அங்கேயே உன் அம்மாவுக்குப் போன் போட்டார். அம்மா உன்னைத் தனியே விடாததற்கு நான்தான் காரணம். காட்டிக்கொடுத்தவன் என்று நினைத்தால் நினைத்துக்கொள், எனக்கு வெட்கமில்லை.

செங்கல்பட்டில் ஒரு மனநல டாக்டரம்மாவிடம் போனில் பேசினேன். சான்றிதழ் எதுவும் கேட்க மாட்டார். அப்பா இருக்கிறாரா இல்லையா என்று உன்னைத் தீர்ப்புச் சொல்லவும் சொல்ல மாட்டார். நீ தூங்குகிறாயா, சாப்பிடுகிறாயா, எது உன்னை அழுத்துகிறது என்றுதான் கேட்பாராம். நாளைக் காலைக்கு நேரம் கொடுத்திருக்கிறார். இப்போது நான் போய் உன் மெசேஜை அவரிடம் நேரில் காட்டிவிட்டு, அங்கிருந்தே பஸ் பிடித்துச் சாயங்காலம் உன் வீட்டுக்கு வந்துவிடுகிறேன். நாளைக்கு அம்மாவும் நீயும் நானும் சேர்ந்தே போவோம்.

அம்மாவிடம் ஒன்று சொல். இன்றைக்கும் அப்பாவுக்குத் தட்டு வைக்கட்டும், நான் அதைத் தொட மாட்டேன். அதற்குப் பக்கத்தில் எனக்கும் ஒன்று, உனக்கும் ஒன்று வைக்கச் சொல். அதற்குள் தூக்கம் வந்தால் தூங்கு. நான் வந்து எழுப்புவேன். எழுந்திருக்க வேண்டும், தீனா.

வந்துகொண்டே இருக்கும் உன்,
எழில்