நடுத்தூணின் அடியில்

இன்று காலை மாதவரத்தில், எங்கள் அலுவலகத்துக்குப் பின்னால் பழைய சுவரைப் பூசுவதற்காகத் தொட்டியில் சுட்ட சுண்ணாம்புக் கல்லைப் போட்டுத் தண்ணீர் ஊற்றினார்கள். அது சீறிக்கொண்டு வெந்தது. வாசனை மாடிவரை ஏறி வந்ததும் படித்துக்கொண்டிருந்த கோப்பை மூடிவிட்டேன். தண்ணீரிலிருந்து எழுந்து நீ படகின் விளிம்பைப் பிடித்த அன்று, உன் விரல்களில் சேற்றோடு கலந்திருந்தது இந்த ஈரச் சுண்ணாம்பு வாசனைதான்.

உன்னோடு பேச எனக்கு என்ன தகுதி இருக்கிறதென்று தெரியவில்லை. இருந்தாலும் எழுதுகிறேன்.

பாலங்களைப் பார்வையிடும் பொறியாளன் நான். கால்வாயில் இறங்கிப் பார்க்கப் படகு வேண்டியிருந்ததால் முகத்துவாரக்குப்பத்தில் உன்னைத் தேடி வந்தேன். இரண்டு வருடம் உன் படகில்தான் சுற்றினேன். நமக்கு ஒரே வயது. மதியம் அந்தக் கல்பாலத்தின் நிழலில் படகை நிறுத்தி, உன் மனைவி கொடுத்தனுப்பிய நெத்திலிக் குழம்பை இருவரும் பங்கிட்டுச் சாப்பிடுவோம்.

வெள்ளைக்காரன் காலத்தில் உப்பளத்து மாட்டுவண்டிகள் கடக்கக் கட்டிய பாலம் அது. இரண்டு வளைவு, நடுவில் ஒரே தூண். இரும்பு ஒரு துண்டுகூடக் கிடையாது. தூணின் முகத்தை உன் படகின் முனைபோலக் கூராகச் செதுக்கியிருந்தார்கள், தண்ணீரைப் பிளப்பதற்காக. அதைத் தடவிப் பார்ப்பதில் உனக்கு ஒரு சந்தோஷம். இது எப்படி நிற்கிறதென்று ஒருநாள் கேட்டாய். ஒவ்வொரு கல்லும் ஆப்புபோல மேலே அகலமாகவும் கீழே குறுகலாகவும் இருப்பதைக் காட்டினேன். பாரம் ஏற ஏறக் கற்கள் ஒன்றையொன்று நெருக்கும், அந்த நெருக்குதல் கடைசியில் கரையிலும் தூணிலும் போய் இறங்கும் என்றேன்.

கொஞ்சம் யோசித்துவிட்டு நீ சொன்னாய்: "அப்போ ஒருத்தன் கால வாரினா அல்லாரும் வுய்ந்துடுவானுங்க. அதானே சார்?"

நான் சிரித்தேன்.

உப்பு வண்டிகள் போய்ப் பல காலமாகிவிட்டது. துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகள் அதன்மேல் ஓடிக்கொண்டிருந்தன. போன வருடக் கோடையில் கால்வாயை ஆழப்படுத்துகிறோம் என்று இயந்திரம் வைத்துத் தூணை ஒட்டியே தோண்டினார்கள். அதற்குப் பிறகு, எப்போதும் அசையாமல் கிடந்த தண்ணீர் தூணருகே சுழிக்கத் தொடங்கியது. ஒவ்வொரு லாரி போகும்போதும் வளைவிலிருந்து வெள்ளைச் சுண்ணாம்புப் பொடி உதிர்ந்து நம் சோற்றில் விழுந்தது. நீ சோற்றை மூடி வைத்துவிட்டுத் தண்ணீரில் குதித்தாய். வெளியே வந்து படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டே சொன்னாய்:

"தோளு வரைக்கும் கை உள்ள பூட்ச்சி சார். அடியில மண்ணே இல்ல. தூணு சும்மா குந்திகினு கீது."

அன்றே அறிக்கையில் எழுதினேன்: 'நடுத்தூணின் அடித்தளம் அரிக்கப்பட்டுள்ளது. கனரக வாகனங்களை உடனே நிறுத்த வேண்டும்.' மேலதிகாரி அதைப் படித்துவிட்டுத் தாளைத் திருப்பித் தள்ளினார். "ஒரு படகுக்காரன் கையை வச்சுப் பாலத்தை மூடச் சொல்றீங்களா? மழை முடியட்டும், முறைப்படி ஆள இறக்கிப் பாக்கலாம்."

அந்த இரண்டு வரியையும் எடுத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன். அதை உன்னிடம் சொல்லவில்லை.

ஐப்பசி மழை விடாமல் பெய்த மூன்றாம் நாள் காலை, நீயும் உன் மச்சானும் படகை ரோட்டுக்கு இழுத்துவந்து பாலத்தின் வாயில் குறுக்கே போட்டீர்கள். லாரிகள் கண்ணுக்கெட்டிய தூரம் நின்றன. போலீஸ் என்னைக் கூப்பிட்டது. என்னைக் கண்டதும் நனைந்த முகமெல்லாம் உனக்கு மலர்ந்தது. "தோ, இஞ்சினியரே வந்துட்டாரு. அவராண்டயே கேளு."

"பாலத்துக்கு ஆபத்தா சார்?" என்று இன்ஸ்பெக்டர் கேட்டார்.

ஹாரன் சத்தம் காதைப் பிளந்தது. பாலத்துக்குக் கீழே தண்ணீர் வேறு மாதிரி இரைந்துகொண்டிருந்தது. அது எனக்கும் கேட்டது.

"ரிப்போர்ட்ல அப்படி எதுவும் இல்ல" என்றேன்.

நீ கத்துவாய் என்று எதிர்பார்த்தேன். "நீகூடவா சார்?" என்று மட்டும் கேட்டாய்.

படகை ஓரமாக இழுத்துப் போட்டு லாரிகளை விட்டார்கள். பிற்பகல் மழை சற்று வெறித்ததும், பள்ளம் எவ்வளவு ஆழம் என்று அளந்து காட்ட மூங்கில் கழியோடு நீ மறுபடி இறங்கினாய். படகைப் பிடித்துக்கொண்டிருந்த உன் மச்சான்தான் பிறகு சொன்னான்: கழி மட்டும் மேலே வந்தது. தூணுக்கடியில் இருந்த நீரோட்டம் உன்னை உள்ளே இழுத்துக்கொண்டது. உன் உடலை மறுநாள்தான் எடுத்தார்கள். பாலத்தை, நீ மூழ்கிய அன்று மாலையே மூடிவிட்டார்கள்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து உன் வீட்டுக்குப் போனேன். உன் மனைவி வாசலிலேயே கேட்டாள். "அன்னிக்கி நீ ஆமான்னு சொல்லிருந்தா அவுரு எறங்கிருப்பாரா சார்?"

"இறங்கியிருக்க மாட்டார்."

அவள் உள்ளே போய் ஒரு நோட்டும் பேனாவும் எடுத்துவந்தாள். "அத்த எய்திக் குடு."

நான் அழித்த இரண்டு வரி, அழிக்கச் சொன்னது யார், அழித்தது யார், அன்று காலை நான் சொன்ன பொய், எல்லாவற்றையும் எழுதினேன். கீழே பெயரும் பதவியும் போட்டேன். அந்தத் தாளால்தான் விசாரணை வந்தது, எனக்குப் பணியிடை நீக்கமும் பிறகு இந்த மாதவரத்து மூலைக்கு மாற்றலும் வந்தன. மேலதிகாரி தனக்கு எதுவும் தெரியாது என்கிறார்.

பாலம் இன்னும் விழவில்லை. தூண் ஒரு பக்கம் லேசாகச் சாய்ந்திருக்கிறது, மேலிருந்து பார்ப்பவர்களுக்குத் தெரியாது. விழாத பாலத்துக்கு எதற்கு விசாரணை என்று கேட்கத் தொடங்கிவிட்டார்கள். லாரிகளைத் திரும்ப விடலாமா என்று ஒரு கோப்பு நகர்வதாகவும் கேள்வி. மழைக்காலமும் வந்துவிட்டது.

அடுத்த வாரம் மறுபடியும் விசாரணைக்கு என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். உன் மனைவி வருவாள். எப்போதும்போல என் பக்கத்து நாற்காலியில் உட்காருவாள். அங்கே இதுவரை என்னோடு ஒரு வார்த்தை பேசியதில்லை, இனியும் பேசமாட்டாள். எழுந்து வேறு இடத்துக்கும் போனதில்லை. அதை நம்பித்தான் ஒவ்வொரு முறையும் என்னால் வாயைத் திறக்க முடிகிறது.