ஒரே படுக்கையில் இருவர்

இல்லை கண்ணு, சண்டை எதுவும் இல்லை. வீடியோவில் ஹால் மூலையில் மடித்திருந்த மெத்தையைப் பார்த்துவிட்டு நீ கேட்டாய், நான் பேச்சை மாற்றினேன், போனில் சொன்னால் அப்பா காதில் விழும். நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்க ஆண்டவர் பார்த்துக்கொள்வார். இங்கே எங்கள் உடம்புக்கு ஒன்றுமில்லை, மற்றதைத்தான் எழுதுகிறேன்.

அப்பா ஹாலுக்குப் போய் ஒரு மாதம் ஆகிறது. என் குறட்டை உன் தூக்கத்தைக் கெடுக்கிறது என்று என்னிடம் சொன்னார். கல்யாணம் ஆனதிலிருந்து விடுகிற குறட்டைக்கு இப்போது என்ன புது அக்கறை? அதோடு நிற்கவில்லை. முட்டை எவ்வளவு நேரம் வேக வேண்டும், சட்டைக் காலருக்கு எந்தச் சோப்பு, வாஷிங் மெஷினில் எந்தப் பொத்தான், ஒவ்வொன்றாகக் கேட்டார். குடித்த டம்ளரைக்கூட நகர்த்தாத மனுஷன். லிஃப்ட் ரிப்பேர் வேலை முடிந்தும் நேரே வீட்டுக்கு வருவதில்லை, வேறு சட்டை போட்டு, தலை வாரி, தாமதமாக வந்தார். எங்கேயோ தனிக்குடித்தனத்துக்கு ஏற்பாடு நடக்கிறது என்று நினைத்தேன். சிரிக்காதே. உன் அத்தையிடம் சொன்னேன், இந்த வயசுல எங்கண்ணன் மூஞ்சிய யாரு அண்ணி சீந்துவாங்க என்றாள். ஆறுதலாக இல்லை, கோபம்தான் வந்தது.

செவ்வாய்க்கிழமை அவர் பின்னாலேயே போனேன். பெயிண்ட் கடைக்கு மேலே ஒரு அறை. படிக்கட்டிலேயே நின்றுவிட்டேன். உள்ளே பத்துப் பேர், சுவரில் ஒரு நீளத் துணி, அதில் எக்காளங்கள், ஏழு தலை மிருகம், ஓரத்தில் நெருப்புக் கடல். ஒருவர் பிரம்பால் தொட்டுத் தொட்டுச் சொல்கிறார், ஆண்டவரின் இரண்டாம் வருகை நெருங்கிவிட்டது, ஒரே படுக்கையில் இருக்கும் இருவரில் ஒருவர் பரலோகத்துக்கு எடுக்கப்படுவார், மற்றவர் விடப்படுவார் என்று. அப்பா தலை குனிந்திருந்தார். எனக்கு எல்லாம் விளங்கியது போல இருந்தது. நான் விடப்படுகிற கேஸ், பக்கத்தில் படுத்தால் ஒட்டிக்கொள்ளும் போல. வீட்டுக்கு வந்ததும் கேட்டுவிட்டேன், ஊரையெல்லாம் மேலே ஏற்றுகிறவர் என்னை மட்டும் கீழே விட்டுவிட்டுப் போகப்போகிறீர்களா என்று. ஷூவின் கயிற்றை அவிழ்த்துக்கொண்டே சொன்னார், போகப்போவது நீதான். கண் விழிக்கும்போது பக்கத்தில் வெறும் போர்வை கிடந்தால் என்னால் தாங்க முடியாது, அதான் இப்பவே பழகிக்கிறேன் என்று.

அழுதேனா என்று கேட்பாய். இல்லை. இப்போதும் சந்தேகம்தான். தன்னை விட்டுவிடுவார்கள் என்று இவ்வளவு நிச்சயமாக இருக்க, அப்படி என்ன செய்துவிட்டார் இவர்? கேட்டால், ஜெபத்தில் தூக்கம் வருகிறதாம். தூங்குகிறவரைத் தள்ளிவிட்டு விழித்திருப்பவளை மட்டும் தூக்கிக்கொண்டு போவது நான் சின்ன வயதிலிருந்து கும்பிடும் ஆண்டவரா, இல்லை பிரம்பு வைத்திருக்கிற அந்த மனிதரா? நானும் உயிர்த்தெழுதலை நம்புகிறவள். கல்லறையைத் திறக்கிறவர் கட்டிலைப் பிரிப்பார் என்பதை மட்டும் நம்ப முடியவில்லை.

ஆண்டவர் உங்கள் இருவரையும் ஒன்றாகவே வைத்துக் காக்கட்டும். குளிரில் காதை மூடிக்கொள். போன் செய்யும்போது மெத்தையைப் பற்றி அப்பாவிடம் வாயைத் திறக்காதே.

சந்தேகம் தீராத
உன் அம்மா

பின்குறிப்பு: உறையை ஒட்டாமல் வைத்திருந்தேன். இன்று சாயங்காலம் நானும் அவரோடு அந்த மாடிக்குப் போனேன். முன்வரிசையில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, சந்தேகம் கேட்கக் கையைத் தூக்கினேன்.